அயல்வீட்டுச் சேவல்

(நம் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டுதோறும் இம்மேடையில் இலக்கியம் பற்றி உரை நிகழ்த்துவதே நம் சங்கத்தின் வழக்கம். இவ்வாண்டு செயற்குழுவினர் நமக்கு இட்ட பணி வேறு. அயலார் வளர்க்கும் ஆடு, மாடு, கோழி, நாய் ஆகியவற்றின் ஓசையால் எழும் பிணக்குகளைத் தீர்ப்பது எங்ஙனம் என்பதே தலைப்பு. இதைக் கேட்டவுடன் சிலர் நகைத்தனர். ஆனால் கடந்த ஓராண்டில் சங்கத்துக்கு வந்த கடிதங்களைப் புரட்டிப் பார்த்தால், நூலகத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. பிள்ளைகளின் தமிழ் வகுப்பைப் பற்றி ஒன்றே ஒன்று. ஓசையைப் பற்றி மூன்று. ஆகவே நகைப்பதற்கு இடமில்லை.

இலக்கியம் கேட்க வந்த பெரியோர் ஏமாற வேண்டா. சேவலின் மீது குறை கூறுவது தமிழர்க்குப் புதிதன்று. குறுந்தொகையில் மதுரைக் கண்ணனார் பாடிய பாட்டு ஒன்று உண்டு. காதலனுடன் துயின்றிருந்த தலைவி, விடியலை அறிவித்துத் தன்னை எழுப்பிய சேவலின் மீது சினங்கொண்டு, அது காட்டுப் பூனையின் குட்டிக்கு இரையாகிப் பல நாள் துன்புறுக என்று சபிக்கிறாள். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இக்குறை பதிவாகிவிட்டது. ஆனால் அத்தலைவி மனு எழுதவில்லை. இருபத்திரண்டு பேரிடம் கையொப்பம் வாங்கவுமில்லை. அதைச் செய்தவர்கள் நாம்.

அக்கதையைப் பிறகு கூறுவோம். முதலில் நாம் வாழும் இடத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். தெற்கே தென்மலைத் தொடரும் நெல்லியாம்பதியும் மதிலென நிற்க, சீதார்குண்டின் அருவிகள் மழைக்காலத்தில் வெள்ளிக் கம்பிகளாய்த் தொங்க, அடிவாரத்தில் நெல்வயல்களும் பனைகளும் பரந்து கிடக்கும் ஊர் கொல்லங்கோடு. பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்குச் செல்லும் இருப்புப்பாதை இவ்வழியே செல்கிறது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரையில் இவ்வூர் சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது. சித்தூர் வட்டத்தின் கீழ்ப்பகுதிகளில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசுவோர் இன்றும் வாழ்கின்றனர். அவர்கள் குடியேறியவர்கள் அல்லர். எல்லைக்கோடுதான் அவர்களைக் கடந்து சென்றது. நாமோ கோவையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் நெல்லையிலிருந்தும் வேலையின் பொருட்டும், ஓய்வுக்காலத்தின் பொருட்டும் பின்னர் வந்தவர்கள்.

வந்தவர்கள் எதைக் கண்டு வந்தோம்? வயலையும் மலையையும் கண்டு வந்தோம். 2023ஆம் ஆண்டில் இந்தியாவின் அழகிய சிற்றூர்களுள் ஒன்றெனக் கொல்லங்கோட்டின் படங்கள் நாடெங்கும் பரவிய பின், விடுமுறை நாட்களில் கார்கள் வரிசையாய் வந்து நிற்பதையும் பார்க்கிறோம். படத்தில் ஓசை இல்லை. படத்தில் உள்ள பசு கத்துவதில்லை. வேலியின் மேல் நிற்கும் சேவல் கூவுவதில்லை. மனை வாங்கும்போது நம்மில் எத்தனை பேர் ஓரிரவு அங்குத் தங்கிக் காது கொடுத்துப் பார்த்தோம்? கிணற்று நீரைச் சுவைத்துப் பார்த்தோம். மண்ணைக் கிள்ளிப் பார்த்தோம். வாசல் எத்திசை என்று சோதிடரைக் கேட்டோம். அதிகாலை நான்கு மணிக்கு அந்த இடம் எவ்வாறு ஒலிக்கும் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

இனிக் கதைக்கு வருவோம்.

நம் குடியிருப்பின் கீழ்மதிலை ஒட்டி ஒரு மூதாட்டியின் வீடு இருப்பதை அறிவீர்கள். குடியிருப்பு எழுவதற்கு நெடுநாள் முன்னரே, நம் வீடுகள் நிற்கும் இடம் வயலாக இருந்த காலத்திலேயே, அங்கு இருப்பவர் அவர். இரண்டு பசுக்கள், பத்துப் பன்னிரண்டு கோழிகள், ஒரு சேவல். அவ்வளவே அவர் செல்வம். நம் வீடுகளுள் பாதிக்கு மேற்பட்டவற்றுக்குக் காலைப் பால் அவர் கையால் வருகிறது. சென்ற ஆனி மாதத்தில் அச்சேவல் நள்ளிரவு இரண்டு மணிக்கே கூவத் தொடங்கியது. கீழ்மதிலை ஒட்டிய வீட்டில் இரவுப்பணி முடிந்து வந்து உறங்கும் மருத்துவச் செவிலி ஒருவரும், நெஞ்சு நோயுற்ற பெரியவர் ஒருவரும் இருந்தனர். அவர்கள் துன்பம் மெய்யானது. அதை நாம் எள்ளி நகையாடவில்லை. ஆயினும் நாம் என்ன செய்தோம்? ஞாயிற்றுக்கிழமை கூடினோம். சுகாதாரக் கேடு, இரவுத் தூக்கத்துக்கு இடையூறு என்று இரண்டு பக்கம் எழுதினோம். இருபத்திரண்டு பேர் கையொப்பமிட்டு ஓர் அலுவலகத்தில் சேர்த்தோம். மதிலுக்கு அப்பால் ஐந்து மீட்டர் தொலைவில் இருந்த மூதாட்டியிடம் ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு மாலை, அவர் நம் சங்கக் கட்டடத்தின் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு கடிதம். நூலகத்தில் அப்போது நாம் நால்வர் இருந்தோம்.

“ஆபீசுலேருந்து கடுதாசி வந்திருக்குது கண்ணு. எனக்கு மலையாள எழுத்துக் கூட்டத் தெரியாது. என்னன்னு படிச்சுச் சொல்லு சாமி” என்றார்.

தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர் அவர். தமிழ் தெரிந்தவர்கள் என்ற ஒரே உரிமையால் நம்மிடம் வந்தார். நாம் எழுதிய மனுவின் மேல் பிறந்த அறிவிப்பை நம்மிடமே கொண்டுவந்து படிக்கச் சொன்னார். (மொழிச் சிறுபான்மையினர் தம் மொழியிலேயே அரசுக்கு எழுதவும் அம்மொழியிலேயே மறுமொழி பெறவும் 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. இதைப் பற்றி நம் சங்கத்தில் எத்தனையோ தீர்மானங்கள் நிறைவேற்றியிருக்கிறோம். அவ்வுரிமை யாருக்காக என்பது அன்றுதான் நம் கண்முன் வந்து நின்றது.)

படித்தோம். கால்நடைகளை வைத்திருப்பது பற்றிப் பதினைந்து நாட்களுக்குள் விளக்கம் தர வேண்டும் என்றிருந்தது. அவர் கேட்ட முதற்கேள்வி, “ஆரு எழுதிப் போட்டாங்கன்னு போட்டிருக்குதா?” என்பது. குடியிருப்புவாசிகள் என்று மட்டுமே கடிதத்தில் இருந்தது. “பெயர் இல்லை, அம்மா” என்றோம். அது பொய்யன்று. எனினும் அன்றிரவு நமக்கு உறக்கம் வராததற்குச் சேவல் காரணமன்று.

மறுநாள் காலை மூவராய்ச் சென்று உண்மையைச் சொன்னோம். அவர் சினந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். “நீங்க ஊடு கட்டுன நாள்லேருந்து பால் ஊத்துறேன். ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா கண்ணு?” என்றார். அதற்குள் ஒரு பசுவை விற்க விலை பேசி முன்பணமும் வாங்கியிருந்தார். அதை மீட்க நாம் அலைந்த அலைச்சல் தனிக்கதை. மீட்க முடிந்தது என்பது மட்டும் இங்கே போதும்.

பின்னர் அவர் தொழுவத்தருகே நின்று இரவில் பார்த்தோம். பார்த்தபோது தெரிந்தது என்ன? கோழிக்கூண்டின் மேல் பகலைப் போல் வெள்ளொளி விழுந்துகொண்டிருந்தது. கீழ்மதில் மூலை இருளாக இருக்கிறதென்று நாமே விண்ணப்பித்து, சித்திரையில் நிறுவச் செய்த புதிய எல்இடி தெருவிளக்கு அது!

இங்குச் சேவலின் இயல்பைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். சப்பான் நாட்டு நகோயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோசிமுரா, சிம்முரா என்னும் அறிஞர்கள் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், சேவல் சூரியனைக் கண்டு கூவுவதில்லை, அதன் உடலுக்குள் இயங்கும் நாட்கடிகாரமே விடியலுக்கு முன்னரே அதைக் கூவச் செய்கிறது என்று காட்டினர். வெளியிலிருந்து வரும் ஒளியும், பிற சேவல்களின் குரலும் அதைத் தூண்டுகின்றன. விடியலை நெருங்க நெருங்க அத்தூண்டுதல் வலுப்பெறுகிறது. இரண்டாண்டு கழித்து அவர்களே மற்றொன்றும் கண்டனர். ஒரு கூட்டத்தில் பல சேவல்கள் இருந்தால் தலைமைச் சேவலே முதலில் கூவும். ஏனையவை தம் தகுதி வரிசைப்படி பின்னர்க் கூவும். நம் செயற்குழுவில்கூட இவ்வளவு ஒழுங்கு இல்லை. 2018ஆம் ஆண்டில் பெல்சிய நாட்டு அறிஞர்கள், ஒரு மீட்டர் தொலைவில் சேவலின் கூவல் 100 டெசிபலைக் கடப்பதையும், அலகை முழுதும் திறக்கும்போது அதன் செவித்துளை தானே அடைத்துக்கொள்வதையும் அளந்து கண்டனர். ஊரை எழுப்பும் சேவல் தன் குரலின் முழு வன்மையைத் தான் கேட்பதில்லை. மனிதர்களிலும் இவ்வியல்பினர் உண்டு.

ஓசையின் கணக்கையும் பாருங்கள். திறந்த வெளியில் தொலைவு இருமடங்காகும்தோறும் ஓசை ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். ஐந்து மீட்டரில் இருந்த கூண்டை இருபது மீட்டருக்கு நகர்த்தினால் 12 டெசிபல் குறையும். பத்து டெசிபல் குறைந்தாலே ஓசை பாதியாயிற்று என்று காது உணரும். இடையில் தொழுவத்தின் சுவரும் நின்றால் இன்னும் குறையும். வழக்கும் வேண்டா, வாய்ச்சண்டையும் வேண்டா. நான்கு மூங்கிலும் ஒரு மாலை நேரமும் போதும்.

அவ்வாறே செய்தோம். கூண்டைத் தொழுவத்துக்கு அப்பால் நகர்த்தக் குடியிருப்பின் இளைஞர்கள் உதவினர். காற்றுப் புக இடம் விட்டு, இரவில் மேலே சாக்குப் படுதா போட்டு இருளாக்கினோம். தெருவிளக்குக்குத் தகட்டு மறைப்பு வைக்கச் செய்தோம். இப்போது அச்சேவல் கூவுவதில்லையா என்றால், கூவுகிறது. நாலரை மணிக்குக் கூவுகிறது. இரண்டு மணிக்குக் கூவுவதில்லை. செவிலியம்மையார் தம் கட்டிலை மேற்கறைக்கு மாற்றிக்கொண்டார். நெஞ்சு நோயுற்ற பெரியவர் மட்டும் இன்னும் மனநிறைவு அடையவில்லை. அதை மறைப்பது முறையன்று. அவர் இன்றைய விழாவுக்கும் வரவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று பலர் கேட்கின்றனர். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபலும், இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை 45 டெசிபலும் எல்லையாக வகுத்துள்ளன. அவ்விதிகள் பெரும்பாலும் ஒலிபெருக்கியையும் இயந்திரத்தையும் வெடியையும் மனத்திற்கொண்டு எழுந்தவை. பொதுத் தொல்லையை அகற்ற ஆணையிடும் அதிகாரம் நிருவாக நடுவருக்கு உண்டு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவாக இருந்த அது, 2024ஆம் ஆண்டு சூலை முதல் நாளிலிருந்து புதிய சட்டத்தின் 152ஆம் பிரிவாக உள்ளது. பலரைப் பாதிக்கும் தொல்லைக்கே அது உரியது. இருவர்க்கிடையே நிகழும் தனித்தொல்லைக்கு உரிமையியல் நீதிமன்றமே இடம். அங்குச் செல்வோர் தம் சேவலின் ஆயுளையும் வழக்கின் ஆயுளையும் ஒப்பிட்டுப் பார்த்துச் செல்வது நன்று. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணி ஆணையச் சட்டத்தின் கீழ் இயங்கும் லோக் அதாலத்தில் வழக்குக்கு முன்னரே இசைவு காண வழியுண்டு. அதற்குக் கட்டணமும் இல்லை.

நம் மாநிலத்திலேயே ஒரு வழக்கு அண்மையில் பேசப்பட்டது. 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில், பத்தனம்திட்டை மாவட்டம் அடூரை அடுத்த பள்ளிக்கல் ஊரில், அயல்வீட்டுச் சேவல் அதிகாலை மூன்று மணிக்கே கூவித் தம் உறக்கத்தைக் கெடுக்கிறதென்று முதியவர் ஒருவர் ஆர்.டி.ஓ.விடம் முறையிட்டார். அதிகாரி இருதரப்பையும் கேட்டார். இடத்தையும் பார்வையிடச் செய்தார். கோழிக்கூண்டு அயல்வீட்டின் மேல்தளத்தில் இருந்தது. அதைப் பதினான்கு நாட்களுக்குள் மனையின் தென்புறத்துக்கு மாற்றுமாறு ஆணையிட்டார். சேவலை விற்கவோ கொல்லவோ சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அரசாணையாக வந்த அத்தீர்ப்பும், நாம் நான்கு மூங்கிலால் செய்ததும் ஒன்றே.

அயல்நாடுகளிலும் இப்பிணக்கு உண்டு. பிரான்சு நாட்டு ஒலேரோன் தீவில் மாரீசு என்றொரு சேவல் இருந்தது. விடுமுறை வீடு வைத்திருந்த நகரத்துத் தம்பதியர் அதன் கூவல் தாங்காமல் வழக்குத் தொடுத்தனர். 2019ஆம் ஆண்டு செப்டம்பரில் ரோசுபோர் நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளி, சேவலின் உடைமையாளர்க்கு 1,000 யூரோ இழப்பீடு தருமாறு தீர்ப்பளித்தது. மாரீசு மறு ஆண்டே இறந்தது. 2021ஆம் ஆண்டு சனவரியில் அந்நாட்டுப் பாராளுமன்றம் நாட்டுப்புறத்தின் ஒலிகளையும் மணங்களையும் மரபுச் செல்வமாக ஏற்றுச் சட்டம் இயற்றியது. இதைக் கேட்டு நாட்டார் பக்கமே எப்போதும் நியாயம் என்று துணிந்துவிட வேண்டா. 1936ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வீடுகளின் அருகே ஒருவர் 750 சேவல்களை வளர்த்தார். அவை இரவு இரண்டு மணி முதல் கூவின. நீதிமன்றம் அதைத் தடை செய்தது. ஒரு சேவல் வேறு, எழுநூற்றைம்பது வேறு. முற்றத்தில் நிற்கும் ஆடு வேறு. வாணிகப் பண்ணை வேறு. நம் மாநிலத்திலும் கால்நடைப் பண்ணைகளுக்கு ஊராட்சியின் உரிமம் வேண்டும் என 2012ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. எனவே நம் குறை எத்தகையது என்று முதலில் பகுத்தறிதல் வேண்டும்.

இரண்டாம் கடிதம் பசு கத்துவதைப் பற்றியது. பசு வீணே கத்தாது. கன்றைப் பிரித்தால் இரண்டு மூன்று நாள் கத்தும். சினைப்பருவம் வந்தால் கத்தும். அது ஏறத்தாழ அரை நாள் முதல் ஒரு நாள் வரை நின்று, இருபத்தொரு நாளுக்கொரு முறை திரும்பும். நீரும் தீவனமும் தவறினால் கத்தும். முதலாவதற்குக் கன்றைத் தாய் காணும் தொலைவில் கட்டிப் படிப்படியாகப் பிரிக்க வேண்டும். இரண்டாவதற்குக் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். மூன்றாவதற்கு நாம் கூற என்ன இருக்கிறது? கடிதம் எழுதிய அன்பர் தேதிகளைக் குறித்து வைத்திருந்தார். அதைப் பார்த்த மூதாட்டி, பருவம் தவறாமல் மருத்துவரை அழைக்க இது உதவும் என்று அத்தாளையே கேட்டு வாங்கிக்கொண்டார்! பசு இப்போது சினையாக உள்ளது.

மூன்றாம் கடிதம் மயிலைப் பற்றியது. மழை தொடங்கும் பருவத்தில் அவை கூரைமேல் ஏறி அகவுவதை நாம் அனைவரும் அறிவோம். மயில் 1963ஆம் ஆண்டு முதல் நாட்டுப் பறவை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுவது. நமக்கு மேற்கே சூலனூரில் அதற்கெனச் சரணாலயமே இருக்கிறது. அதை வளர்ப்போர் எவருமில்லாமையால் யாரிடம் முறையிடுவது? கடிதத்தைக் கோப்பில் வைத்துவிட்டோம்.

நாய்களைப் பற்றிச் சற்று நீட்டிப் பேச வேண்டும். மலையடிவாரத்து உழவர் வளர்க்கும் நாய் குரைப்பதைக் குறை கூறும் முன், அது எதைக் கண்டு குரைக்கிறது என்று கேளுங்கள். முதலமடைப் பக்கத்திலும் தென்மலையோரத்திலும் காட்டுப்பன்றி நெல்லை உழுதுவிடும், யானையும் இறங்கும். இரவில் நாய் குரைத்தால்தான் உழவன் விளக்கெடுத்து எழுகிறான். அக்குரைப்பு அவனுக்குக் காவற்கூலி கொடாத காவல். இடுக்கியில் தேவிகுளம், பீர்மேடு தேயிலைத் தோட்டங்களின் லயங்களில் நம் உறவினர் பலர் வாழ்ந்தவர்கள். ஒரே சுவரை இரு குடும்பங்கள் பகிரும் அவ்வீடுகளில் நாய் குரைத்தால் கதவைத் தட்டி விவரம் கேட்பார்களே அன்றி, மறுநாள் மனு எழுதமாட்டார்கள்.

ஆனால் நம் குடியிருப்புக்குள் இருக்கும் நாய்களின் நிலை வேறு. அவை பன்றியைக் கண்டு குரைப்பவை அல்ல. பகல் முழுதும் ஒரு முழச் சங்கிலியில், தெருவைப் பார்த்தபடி, துணையின்றிக் கட்டப்பட்டுக் கிடப்பதால் குரைப்பவை. நாயை எப்போதும் சங்கிலியில் வைத்து உலவவிடாமல் இருப்பதே 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். மாலையில் அரை மணி நேரம் நடக்கவிட்டு, இரவில் தெரு தெரியாத பின்புறத்தில் படுக்கவைத்தால் பெரும்பாலும் குரைப்பு அடங்கும். மூதாட்டியின் சேவலின் மேல் கையொப்பமிட்ட இருபத்திரண்டு பேருள் ஏழு பேர் வீட்டில் இத்தகைய நாய்கள் உள்ளன. மதிலுக்கு அப்பால் அவை எவ்வாறு கேட்கின்றன என்று நாம் அம்மூதாட்டியைக் கேட்டோம். “கேக்கத்தான் கேக்குது. என்ன பண்றது கண்ணு, நாயின்னா குலைக்கத்தான் செய்யும்” என்றார். இத்தனை ஆண்டுகளில் அவர் ஒருமுறையும் நம்மிடம் அதைப் பற்றிப் பேசியதில்லை.

எனவே செயற்குழு ஒரு முறையை வகுத்துள்ளது. ஓசையால் துன்புறுவோர் முதலில் ஏழு நாட்கள் நேரத்தையும் காரணத்தையும் குறித்து வரவேண்டும். பின்னர் வளர்ப்போர் வீட்டுக்குச் சங்கத்தார் இருவருடன் நேரில் செல்லவேண்டும். சினம் தணிந்த மாலை வேளையில் செல்லவேண்டும், உறக்கம் கெட்ட அதிகாலையில் அன்று. கூண்டையோ கட்டுத்தறியையோ மாற்ற ஆகும் செலவில் பாதியைச் சங்கம் ஏற்கும். இவை யாவும் பயனற்றுப் போன பின்னரே அலுவலகம். அவ்வாறு எழுதும் மனுவின் படியை எதிர்த்தரப்பினர்க்கு அவர் படிக்கக்கூடிய மொழியில் முன்னதாகவே கொடுத்துவிட வேண்டும். இக்கடைசி விதியைச் சேர்க்கச் சொன்னவர், அன்று நூலகத்தில் அக்கடிதத்தைப் படித்துக் காட்டியவர்.

நாய் பற்றிய முதல் முறையீடு சென்ற வாரமே வந்துவிட்டது. நாய்க்கு உரியவர் முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார், பெயர் கூறமாட்டோம். விழா முடிந்து சிற்றுண்டி உண்ட பின், அவர் வீட்டு வாசல் வரை நாம் இருவர் உடன் நடந்து வருகிறோம். சங்கிலியைப் பற்றி வழியில் பேசிக்கொள்வோம்.